கிளேடன் வீட்டின் மூத்த பிள்ளை: பாரனெட் ரால்ஃப் வெர்னியும் அவர் சொந்தபந்தமும்

1661 மார்ச் மாதம் இங்கிலாந்தின் பக்கிங்ஹாம்ஷயரைச் சேர்ந்த ரால்ஃப் வெர்னிக்கு பாரனெட் பட்டம் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 47. அதற்கு முந்தைய இருபது ஆண்டுகளில் அப்பா போர்க்களத்தில் இறந்திருந்தார். ஒரு தம்பி அயர்லாந்தில் குத்திக் கொல்லப்பட்டிருந்தார். மனைவி பிரான்சில் கண்ணை மூடியிருந்தார். பிள்ளைகளில் உயிரோடு மிஞ்சியவர்கள் இரண்டு மகன்கள் மட்டுமே. அவரே ஒன்பது ஆண்டுகள் வெளிநாட்டில் தலைமறைவாக இருந்துவிட்டு, ஊர் திரும்பியபின் சில மாதங்கள் சிறையிலும் இருந்தவர்.

இங்கிலாந்து உள்நாட்டுப் போரைப் பற்றிப் படிக்கும்போது அரசன் ஒரு பக்கம், நாடாளுமன்றம் ஒரு பக்கம் என்று கோடு போட்டுப் பிரித்துவிடுகிறோம். ஒரு வீட்டுக்குள் அந்தக் கோடு எப்படி ஓடியது என்று பார்க்க வெர்னி குடும்பத்தைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. அந்தக் குடும்பம் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தது. ரால்ஃப் அவற்றில் ஒன்றைக்கூட எறியாமல் வைத்திருந்தார். அவர் வாழ்க்கையில் பட்டத்தின் பங்கு சொற்பம். சொத்தையும் வீட்டையும் காப்பாற்றிக் கொடுத்தவர்கள் சொந்தக்காரர்கள், அதிலும் குறிப்பாக அவர் மனைவி மேரி. இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி அவர்களைப் பற்றித்தான்.

முதலில் அந்தப் பட்டம் என்னவென்று பார்த்துவிடுவோம். பாரனெட் பட்டத்தை 1611-இல் முதலாம் ஜேம்ஸ் அரசர் உருவாக்கினார். அயர்லாந்தின் அல்ஸ்டர் பகுதியில் இங்கிலாந்து, ஸ்காட்லாந்துக் குடியேறிகளைக் குடிவைத்து, அங்கே படையும் நிறுத்த வேண்டியிருந்தது. கஜானாவில் பணம் இல்லை. ஆண்டுக்கு ஆயிரம் பவுண்டு நிலவருமானம் உள்ள குடும்பங்களுக்கு ஒரு புதிய பட்டத்தை விலைக்குக் கொடுக்கலாம் என்று முடிவானது. விலை எப்படி வந்தது தெரியுமா? 30 படைவீரர்களை மூன்று ஆண்டுகள் வைத்திருக்கும் செலவு. ஒரு வீரனுக்கு ஒரு நாள் கூலி 8 பென்ஸ். 30 பேருக்கு 240 பென்ஸ். அன்றைய கணக்கில் அது சரியாக ஒரு பவுண்டு. மூன்று ஆண்டுக்கு 1,095 நாள், ஆகவே 1,095 பவுண்டு. பாரனெட்டுகளின் குலச்சின்னத்தில் அல்ஸ்டரின் சிவப்புக் கை இடம்பெறுவதும் இந்தத் தொடர்பினால்தான்.

பட்டத்தின் பலன், பெயருக்கு முன்னால் 'சர்' என்று போட்டுக்கொள்ளலாம். தந்தைக்குப்பின் மூத்த மகனுக்கு அது போகும். சாதாரண நைட் பட்டம் பெற்றவருக்கும் 'சர்' உண்டு, ஆனால் அது அவரோடு முடிந்துவிடும். ரால்ஃப் வெர்னி 1641-லேயே நைட் ஆகிவிட்டதால் அவர் ஏற்கெனவே 'சர்' ரால்ஃப்தான். 1661-இல் புதிதாக வந்தது வாரிசுரிமை. மற்றபடி பாரனெட் என்பவர் பிரபுக்களின் வரிசையில் சேரமாட்டார்; பிரபுக்கள் சபையில் இடமும் கிடையாது. பட்டத்தின் விலை சில ஆண்டுகளிலேயே வெகுவாக இறங்கிவிட்டது. உள்நாட்டுப் போருக்குப்பின் ஒழிக்கப்பட்ட முடியாட்சி 1660-இல் திரும்பியபோது இரண்டாம் சார்லஸ் தன் தந்தை முதலாம் சார்லஸுக்காக இழப்பைச் சந்தித்த குடும்பங்களுக்கு இதை நன்றிக்கடனாக நிறையவே வழங்கினார். வெர்னி வீட்டுக்கும் அந்த வகையில் வந்திருக்க வேண்டும், ஏனென்றால் அரசனின் கொடியைப் பிடித்தபடி செத்தவர் ரால்ஃபின் அப்பா.

அந்த அப்பா சர் எட்மண்ட் வெர்னி. 1590-இல் பிறந்தவர், சிறுவயதிலிருந்தே அரண்மனைச் சேவகத்தில் வளர்ந்தவர், முதலாம் சார்லஸ் இளவரசராக இருந்த காலத்திலிருந்து அவருடனேயே இருந்தவர். பக்கிங்ஹாம்ஷயரில் மிடில் கிளேடன் என்ற ஊர் வெர்னிகளுடையது. ஆனால் அங்கிருந்த வீட்டை அவர்கள் நீண்ட குத்தகைக்கு விட்டிருந்தார்கள்; 1620-இல் சர் எட்மண்ட்தான் குத்தகையை மீட்டுக் குடிவந்தார்.

அவருக்கு ஒரு மாற்றாந்தாய் அண்ணன் உண்டு: தந்தையின் முந்தைய மனைவிக்குப் பிறந்த சர் பிரான்சிஸ் வெர்னி. சொத்துப் பங்கீட்டில் சிற்றன்னை தன் மகன் எட்மண்டுக்குச் சாதகமாக ஏற்பாடு செய்துவிட்டார் என்பது பிரான்சிஸின் குறை. வழக்காடித் தோற்றார், இருந்த நிலத்தை விற்றார், நாட்டைவிட்டே போனார். அப்புறம் அவர் வட ஆப்பிரிக்கக் கடற்கொள்ளையர்களோடு சேர்ந்துவிட்டார் என்ற செய்திதான் ஊருக்கு வந்தது. 1615-இல் சிசிலியின் மெசினா நகர மருத்துவமனையில் இறந்தார். அவருடைய தலைப்பாகையும் செருப்பும் கிளேடன் வீட்டில் பாதுகாக்கப்பட்டன. பாகப்பிரிவினை ஒரு மூத்த மகனை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அந்த வீட்டுக்குள்ளேயே சாட்சி இருந்தது. ரால்ஃப் பிறகு தன் தம்பி தங்கைகள் விஷயத்தில் எழுத்து, கணக்கு, பத்திரம் என்று அத்தனை கறாராக இருந்ததற்கு இந்தக் குடும்ப நினைவும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ரால்ஃப் 1613-இல் பிறந்தார். தாய் மார்கரெட், கிளேடனுக்குப் பக்கத்திலேயே இருந்த ஹில்ஸ்டன் ஊரின் டென்டன் குடும்பத்துப் பெண். வெர்னி வீட்டுக்கும் டென்டன் வீட்டுக்கும் இடையே அத்தை, மாமா, அவர்கள் பிள்ளைகள் என்று போக்குவரத்து ஓயவே இல்லை. ரால்ஃபின் தங்கை பென் பிற்பாடு டென்டன் உறவிலேயே மணம் முடித்தார். சர் எட்மண்ட்-மார்கரெட் தம்பதிக்கு வளர்ந்து ஆளான பிள்ளைகள் பத்துப் பேர்: ரால்ஃப், டாம், மன், ஹென்றி என நான்கு ஆண்கள்; சூ, பென், பெக், கேரி, மால், பெட்டி என ஆறு பெண்கள்.

மூத்தவருக்குத் திருமணம் சீக்கிரமே நடந்தது. 1629 மே 31 அன்று, பதினைந்து வயது ரால்ஃப் பதின்மூன்று வயது மேரி பிளாக்னாலை மணந்தார். ஏபிங்டனைச் சேர்ந்த மேரி, 1625-இல் கொள்ளைநோயில் தாய் தந்தை இருவரையும் இழந்தவர், பெரும் சொத்துக்கு ஒரே வாரிசு. அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட வயதுவராத வாரிசுகளின் காப்புரிமை அரசனுக்குப் போகும். அதற்கென்றே தனி நீதிமன்றம் இருந்தது. அந்த உரிமையைப் பணம் கட்டி வாங்குவதும் விற்பதும் சாதாரணம். காப்பாளராக இருப்பவரே வாரிசின் கல்யாணத்தையும் முடிவு செய்வார். அதாவது மேரியின் திருமணம் முழுக்கச் சொத்துக் கணக்கில் தொடங்கியது. கல்யாணம் ஆனபின் ரால்ஃப் ஆக்ஸ்போர்டுக்குப் படிக்கப் போய்விட்டார், மேரி தன் உறவினர் வீட்டில் இருந்தார். ஆனால் அந்தக் கணக்கிலிருந்து உண்மையான அன்பு பிறந்தது. மாமியார் மார்கரெட்டுக்கும் இந்த மருமகள்மேல் கொள்ளைப் பிரியம்.

1640-இல் கூடிய இரண்டு நாடாளுமன்றங்களிலும் ரால்ஃப் அயில்ஸ்பரி தொகுதியின் உறுப்பினர். பெரிய பேச்சாளர் அல்ல. அவையில் உட்கார்ந்து, மடித்த தாள்களை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு பென்சிலால் குறிப்பெடுப்பார். அந்தத் தாள்கள் தப்பிப் பிழைத்து 1845-இல் அச்சாயின. 1642 ஜனவரி 4 அன்று முதலாம் சார்லஸ் ஐந்து உறுப்பினர்களைக் கைது செய்ய ஆயுதமேந்திய ஆட்களோடு அவைக்கு வந்தது இங்கிலாந்து வரலாற்றில் எல்லாரும் சொல்லும் சம்பவம். அரசர் அவைத் தலைவரின் நாற்காலியை வாங்கிக்கொண்டது, 'அவர்கள் எங்கே' என்று கேட்டது, அவைத் தலைவர் லென்தால் மண்டியிட்டு, அவை கட்டளையிடுவதைத் தவிர வேறெதையும் பார்க்கக் கண்ணும் சொல்ல நாவும் தனக்கு இல்லை என்றது, எல்லாம் ரால்ஃபின் பென்சில் குறிப்பில் இருக்கிறது. அங்கே உட்கார்ந்து பார்த்தவரின் கையெழுத்து அது. அப்பாவோ அரசரின் அரண்மனைச் சேவகர். மகன் எப்படிப்பட்ட இடத்தில் உட்கார்ந்திருந்தார் என்று நினைத்துப் பார்க்கலாம்.

அந்த ஆண்டு ஆகஸ்டில் நாட்டிங்ஹாமில் அரசர் போர்க்கொடி ஏற்றினார். கொடியைத் தாங்கும் பொறுப்பு சர் எட்மண்டுக்கு. அவருக்கு அரசரின் கொள்கையில், குறிப்பாக ஆயர்களுக்காகச் சண்டை போடுவதில், உடன்பாடே இல்லை. முப்பது ஆண்டுகளாக அரசரின் உப்பைத் தின்றுவிட்டு இப்போது கைவிட முடியாது என்று நண்பர் எட்வர்ட் ஹைடிடம் மனம்விட்டுச் சொல்லியிருக்கிறார். ரால்ஃப் நாடாளுமன்றத்தின் பக்கமே நின்றார்.

குடும்பத்தில் இடி விழுந்தது போலாயிற்று. தம்பி மன் முழுக்க அரசரின் ஆள். செப்டம்பரில் அண்ணனுக்கு அவர் எழுதிய கடிதம் இருக்கிறது. தான் பயந்தது நடந்துவிட்டது என்கிறார்; அண்ணன்மேல் உயிரையே வைத்திருக்கும் தானும் அப்பாவும் கடமையின் காரணமாக அவருக்கு எதிரியாக நிற்க வேண்டியிருக்கிறதே என்று வருந்துகிறார். கடிதம் முழுக்கக் கோபம்தான், ஆனால் உறவை முறித்துக்கொள்ளும் பேச்சு அதில் கிடையாது. இதைக் கவனிக்க வேண்டும். வெர்னி வீட்டில் யாரும் யாரையும் கைவிடவில்லை.

1642 அக்டோபர் 23 அன்று எட்ஜ்ஹில்லில் முதல் பெரிய சண்டை. சர் எட்மண்ட் கவசம் அணியாமலே களத்துக்குப் போனார், கொல்லப்பட்டார். கொடி எதிரிகள் கைக்குப் போய், பிறகு மீட்கப்பட்டது. வெட்டப்பட்ட கை கொடிக்கம்பத்தைப் பிடித்தபடியே இருந்தது, அரசர் கொடுத்த மோதிரம் விரலில் இருந்தது என்று குடும்பத்தில் வழிவழியாகச் சொல்வார்கள். உடல் கிடைக்கவே இல்லை. தாய் மார்கரெட் முந்தைய ஆண்டே இறந்துவிட்டார். ஆக 28 வயது ரால்ஃபின் தலையில் கடன் சுமந்த சொத்தும், மூன்று தம்பிகளும், ஆறு தங்கைகளும் வந்து விழுந்தார்கள். தங்கைகளில் கேரிக்கு மட்டும் அந்த ஆண்டுதான் கல்யாணமாகியிருந்தது. கடைக்குட்டி பெட்டிக்கு ஒன்பது வயது.

அம்மா பிறந்த வீடான ஹில்ஸ்டனின் கதையையும் இங்கே சொல்ல வேண்டும். தாய்மாமன் சர் அலெக்சாண்டர் டென்டன் அரசர் பக்கம். அந்த மாளிகையில் அரசரின் படை முகாமிட்டது. 1644 மார்ச்சில் நாடாளுமன்றப் படை அதை முற்றுகையிட்டுப் பிடித்துக் கொளுத்தியது; தாக்கியவர்களில், பின்னாளில் நாட்டையே ஆண்ட ஆலிவர் க்ராம்வெல்லும் ஒருவர். சர் அலெக்சாண்டர் சிறைப்பட்டு, வெளியே வராமலே இறந்தார். ஆனால் அவர் சகோதரி சூசன், முற்றுகையிட்ட படையின் கேப்டன் ஜேகோனையா ஆபர்க்ராம்பியைச் சில மாதங்களுக்குள் மணந்துகொண்டார். வீட்டைக் கொளுத்த வந்தவர் வீட்டு மாப்பிள்ளை! கட்சி பார்த்து உறவு நிற்கவில்லை. எந்தப் பக்கம் தோற்றாலும் மறுபக்கத்தில் பேசுவதற்கு ஒரு சித்தப்பா, ஒரு மச்சான் இருந்தார்கள். ரால்ஃபின் சொத்து பின்னால் பிழைத்தது இந்த வகையில்தான்.

1643-இல் நாடாளுமன்றம் ஸ்காட்லாந்துக்காரர்களின் படை உதவியைப் பெறுவதற்காக ஒரு மத உடன்படிக்கை செய்துகொண்டது. உறுப்பினர்கள் எல்லாரும் அதில் கையெழுத்திட வேண்டும். ஆங்கிலத் திருச்சபையின் அமைப்பையே மாற்றும் அந்த உடன்படிக்கையில் கையெழுத்திட ரால்ஃபின் மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. அரசர் பக்கம் தாவவும் விருப்பமில்லை. ஆகவே மனைவி மேரி, மூத்த மகன் எட்மண்ட், மகள் பெக் ஆகியோரோடு பிரான்சுக்குப் போய்விட்டார். வெளியில் சொல்லிக்கொண்ட பெயர் ரால்ஃப் ஸ்மித். மூன்று வயது ஜானைக் கிளேடனில் அத்தைகளிடம் விட்டுவிட்டுப் போனார்கள். முதலில் ரூவான், பிறகு லுவார் ஆற்றங்கரையில் புளோவா நகரம்.

1645 செப்டம்பரில் அவையிலிருந்து ரால்ஃபை நீக்கினார்கள். கிளேடன் சொத்து முடக்கப்பட்டது. அவர் எதிர்த்துப் போரிட்டதில்லை, அரசருக்குப் பணம் கொடுத்ததில்லை. வராமல் இருந்ததுதான் குற்றம். வாடகை வராது, கடன்காரன் காத்திருக்கமாட்டான், தங்கைகளுக்குச் சீதனம் கொடுக்க வழியில்லை. நேரில் போனால் கைதாகலாம். இந்த இடத்தில்தான் தாய்மாமன் டாக்டர் வில்லியம் டென்டன் வருகிறார். அம்மாவின் கடைசித் தம்பி, ரால்ஃபைவிட எட்டே வயது மூத்தவர், அரசரின் மருத்துவர், லண்டனில் எல்லாப் பக்கமும் ஆள் தெரிந்தவர். பெண்கள் இவ்வளவு உபயோகமாக இருந்த காலம் முன்பு இருந்ததே இல்லை, மனைவிக்குச் சொல்லிக்கொடுத்து, சொத்து முடக்கத்தைக் கவனிக்கும் கமிட்டிகளிடம் அனுப்பு, ஆணுக்கு இல்லாத சலுகை அவர்களுக்குக் கிடைக்கும் என்று அவர் எழுதினார்.

1646 கடைசியில் மேரி தனியாக இங்கிலாந்து திரும்பினார், கர்ப்பிணியாக. லண்டனில் வாடகை அறையில் தங்கி, ஒவ்வொரு பெரிய மனிதர் வாசலாக ஏறி இறங்கினார். அவர் அதிகம் நம்பியிருந்தது ஒரு குடும்ப நண்பரை. சசெக்ஸ் சீமாட்டியாக இருந்த எலினார், இப்போது வாரிக் பிரபுவின் மனைவி; அந்தப் பிரபு போரில் நாடாளுமன்றக் கடற்படைக்குத் தலைமை தாங்கியவர். நான்கு முறை மணந்தவர் என்பதால் வெர்னிகள் தங்களுக்குள் அவரை 'கிழவர்களின் மனைவி' என்று குறிப்பிடுவார்கள். ஒரு காலத்தில் சர் எட்மண்ட் அவருக்கு எத்தனையோ உதவி செய்தவர். மேரி போய் நின்றபோது பழைய இதமான வரவேற்பு கிடைக்கவில்லை. அந்த மனக்கசப்பு அவர் கணவருக்கு எழுதிய கடிதங்களில் அப்படியே பதிவாகியிருக்கிறது.

1647 ஜூனில் ஆண் குழந்தை பிறந்தது. ரிச்சர்ட் என்று வைக்கலாம் என்பது பிரான்சில் இருந்த கணவரின் யோசனை. உன் பெயரைத்தான் வைப்பேன் என்று மேரி பிடிவாதமாக ரால்ஃப் என்றே வைத்தார். பிறகு கிளேடனுக்குப் போய்ப் பார்த்தார். படைவீரர்கள் தங்கிவிட்டுப் போன வீடு. துணிமணியெல்லாம் நைந்துபோயிருந்தது, சாப்பாட்டு அறை நாற்காலிகள் கந்தல், அடுப்பங்கரையில் இறைச்சி சுடும் கம்பிகளைத் துரு தின்று இனி எதற்கும் உதவாதபடி ஆகிவிட்டன என்று ஒவ்வொரு பொருளாகக் கணவருக்கு எழுதுகிறார். விட்டுப்போன ஜானுக்கு ஏழு வயது நெருங்கிக்கொண்டிருந்தது. இவ்வளவு வளைந்த கால்களை எந்தப் பிள்ளைக்கும் பார்த்ததில்லை என்று வேதனைப்படுகிறார். ஆனால் அவன் நல்ல சூட்டிகையான பிள்ளை, பாட்டென்றால் உயிர் என்பதையும் சேர்த்து எழுதுகிறார்.

அந்த இலையுதிர் காலத்தில் கைக்குழந்தை ரால்ஃப் இறந்தது. ஏறக்குறைய அதே நாட்களில் புளோவாவில் எட்டு வயது மகள் பெக்கும் இறந்தாள். மனைவிக்கு இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ரால்ஃப் மாமாவுக்கு எழுதினார். டாக்டர் டென்டன்தான் சொல்ல வேண்டியிருந்தது. செய்தி கேட்ட மேரி இரண்டு இரவு பிதற்றிக்கொண்டிருந்தார், சில நேரம் எதிரில் இருப்பவர்களை அடையாளம் தெரியவில்லை என்று அவர் பதில் எழுதினார். அதன்பின் மேரி எழுந்து, மறுபடி கமிட்டி வேலையைப் பார்க்கப் போனார். 1648 ஜனவரியில் முடக்கம் நீங்கியது. ஜானை அழைத்துக்கொண்டு வசந்தத்தில் பிரான்சுக்குத் திரும்பினார். கிளேடன் இன்றும் வெர்னி என்ற பெயரோடு சேர்த்துப் பேசப்படுகிறது என்றால் அதற்கு அந்த ஒன்றேகால் ஆண்டு அலைச்சல்தான் காரணம் என்று நான் உறுதியாகச் சொல்வேன். உடல் அந்த அலைச்சலிலிருந்து மீளவே இல்லை. 1650 மே 10 அன்று புளோவாவில் மேரி இறந்தார், வயது 34. ரால்ஃப் உடலைப் பதப்படுத்திக் கிளேடனுக்கு அனுப்பி அங்கே அடக்கம் செய்யவைத்தார். அதன்பின் 46 ஆண்டுகள் உயிரோடிருந்தும் மறுமணம் செய்துகொள்ளவில்லை. மேரியைப் பறிகொடுப்பதற்கு எட்டு மாதம் முன்பு தம்பி மன்னும் போயிருந்தார். 1649 செப்டம்பரில் அயர்லாந்தின் ட்ரோகடா நகரை க்ராம்வெல் பிடித்தபோது, உயிர்ப்பிச்சை கொடுக்கப்பட்ட மூன்றாம் நாள், பழகிய ஆள் ஒருவன் பேச வேண்டும் என்று ஓரமாக அழைத்துக் கத்தியால் குத்திக் கொன்றான் என்று ரால்ஃபுக்குக் கடிதம் வந்தது.

தங்கைகள் கதை வேறு வகையான துயரம். அவர்களுக்கான சீதனத்தை அப்பா ஒரு வரி வருமானத்தின் பேரில் எழுதிவைத்திருந்தார்: விற்பனைக்கு வரும் கம்பளித் துணியை அளந்து முத்திரையிடுவதற்கான கட்டணத்தில் ஒரு பங்கு. அரசர் தந்த சலுகை அது. போர் வந்ததும் அந்த வருமானம் நின்றுபோனது. சீதனம் இல்லாத பெண்களை எடுக்க நல்ல இடத்து மாப்பிள்ளைகள் யாரும் வரவில்லை. சூ, கடனுக்காகச் சிறையில் இருந்த ஒருவரை மணந்து, சில ஆண்டுகளில் இறந்தார். பெக்குக்குக் கணவரோடு ஒத்துப்போகவில்லை, பிரிந்து வாழ்ந்தார். கேரியின் கணவர் 1645-இல் போரில் இறந்தார். அப்போது வயிற்றில் குழந்தை. பிறந்தது பெண் என்றதும் புகுந்த வீட்டார் முகம் மாறிவிட்டது. கேரி பிறகு ஹாம்ப்ஷயரைச் சேர்ந்த ஜான் ஸ்டூக்லியை மறுமணம் செய்து, அண்ணனுக்குக் கடைசிவரை கடிதம் எழுதும் தங்கையாக இருந்தார். பெட்டி யாரையும் கேட்காமல் ஒரு பாதிரியாரை மணந்துகொண்டார்.

இதில் ரால்ஃப் நடந்துகொண்டவிதம் எனக்கு முழுமையாக ஏற்புடையதல்ல. கடமையில் தவறவில்லை, ஆனால் ஒவ்வொரு பவுண்டுக்கும் விளக்கம் கேட்டார், அறிவுரையை அளவில்லாமல் கொடுத்தார், சின்னத் தங்கைகளுக்கு அதிகப் படிப்பு வேண்டாம் என்று நினைத்த காலத்து மனிதராகவே இருந்தார். தன் மனைவியின் திறமையால் சொத்து மீண்டதை நேரில் கண்டவர் அவர். தங்கைகள் விஷயத்தில் அந்தப் பாடம் எட்டவில்லை.

தம்பி டாம் தனிக் கதை. 1634-இல் பத்தொன்பது வயதில் வர்ஜீனியாவுக்கு அனுப்பினார்கள், திரும்பி வந்துவிட்டார். பார்படோஸுக்குப் போனார், அங்கிருந்து அப்பாவுக்கு அவர் எழுதிய கடிதம் அந்தத் தீவின் ஆரம்பகாலத்தைப் பற்றிய முக்கியமான சான்றுகளில் ஒன்று. அங்கும் நிலைக்கவில்லை. கடன், சிறை, மன்னிப்புக் கடிதம், மறுபடி கடன் என்று அரை நூற்றாண்டுக்குமேல் அண்ணனிடம் பணம் கேட்டு எழுதிக்கொண்டே இருந்தார். ரால்ஃப் திட்டினார், கொடுத்தார். டாம் அண்ணனுக்கும் பின்னே வாழ்ந்து 92 வயதில் இறந்தார்.

1653 ஜனவரியில் ரால்ஃப் ஊர் திரும்பினார். 1655-இல், அரசர் ஆதரவாளர்கள் கிளர்ச்சி செய்யக்கூடும் என்ற பயத்தில் க்ராம்வெல் அரசு பலரைப் பிடித்தபோது அவரையும் பிடித்து லண்டனில் செயின்ட் ஜேம்ஸ் அரண்மனையில் அடைத்தது, அக்டோபரில் விட்டார்கள். முன்னர் நாடாளுமன்றத்தோடு நின்றவரை இப்போது அரசர் ஆள் என்றார்கள். 1661-இல் வந்த பட்டம் இந்தக் குழப்பத்துக்கு ஒரு முற்றுப்புள்ளி, அவ்வளவே. அதன்பின் அவர் கிளேடன் நிலங்களை வேலியிட்டுச் சீர்ப்படுத்தி, கடனை அடைத்து, தேவாலயத்தில் பெற்றோருக்கும் மேரிக்கும் சலவைக்கல் நினைவுச் சின்னம் எழுப்பி நிதானமாக வாழ்ந்தார். 1681 முதல் பக்கிங்ஹாம் தொகுதி உறுப்பினராக மூன்று முறை நாடாளுமன்றத்திலும் உட்கார்ந்தார்.

மூத்த மகன் எட்மண்டுக்குப் பக்கத்து ஊரான ஈஸ்ட் கிளேடனின் வாரிசு மேரி ஏபெலை 1662-இல் மணமுடித்தார். இரண்டு நிலங்கள் ஒன்று சேரும் நல்ல சம்பந்தம். ஆனால் சீக்கிரமே மருமகளுக்கு மனநோய் வந்து தீராமலே போயிற்று. இளையவன் ஜான், வளைந்த கால் பையன், தனக்குச் சட்டம் வேண்டாம், வணிகம் போதும் என்று பிடிவாதம் பிடித்தான். 1659-இல் கீழை மத்தியதரைக்கடல் வணிகர் ஒருவரிடம் தொழில் பழகச் சேர்ந்து, 1662-இல் சிரியாவின் அலெப்போ நகருக்குப் போய், பன்னிரண்டு ஆண்டு வியாபாரம் செய்துவிட்டுத் திரும்பினார். நிலக்கிழார் வீட்டு இளைய மகன்கள் வணிகத்துக்குப் போவது அப்போது புதிதல்ல, ஆனால் அவர்கள் சொத்துக்கு வருவார்கள் என்று யாரும் எண்ணுவதில்லை. இங்கே அதுதான் நடந்தது. எட்மண்டின் மூத்த மகன் 1686-இல், எட்மண்ட் 1688-இல், அடுத்த மகன் 1690-இல் என்று வரிசையாக இறந்தார்கள். 1696 செப்டம்பர் 24 அன்று 82 வயதில் ரால்ஃப் இறந்தபோது இரண்டாம் பாரனெட் ஆனவர் அலெப்போ வியாபாரி ஜான். 1703-இல் அவர் அயர்லாந்துப் பிரபுப் பட்டமும் பெற்று ஃபெர்மனா விஸ்கவுண்ட் ஆனார்.

கடிதங்கள் இத்தனையும் நமக்குக் கிடைத்ததற்குக் காரணம் ரால்ஃபின் பழக்கம். வந்த கடிதத்தின் முதுகில் வந்த தேதியைக் குறிப்பார். தான் எழுதுவதற்குப் பிரதி வைத்துக்கொள்வார். கிளேடனில் அவை மூட்டை மூட்டையாகக் கிடந்தன. 19-ஆம் நூற்றாண்டில் அவற்றைப் பிரித்துப் படித்து முதன்முதலில் குடும்ப வரலாறாக எழுதத் தொடங்கியவர் அந்த வீட்டு மருமகள் பார்த்தினோப், செவிலியர் துறையின் முன்னோடி புளோரன்ஸ் நைட்டிங்கேலின் அக்கா. 1890-இல் அவர் இறந்தபின் வேலையை முடித்தவரும் இன்னொரு வெர்னி மருமகள்தான். நான்கு தொகுதிகள் 1892-க்கும் 1899-க்கும் இடையில் வெளிவந்தன.

குடும்ப மரத்தைத் தேடுகிறவர்கள் ஒரு இடத்தில் குழம்புவார்கள். ஜானின் பேரன், வெர்னி பிரபுப் பட்டம் பெற்ற இன்னொரு ரால்ஃப், கிளேடன் மாளிகையை ஆடம்பரமாகக் கட்டிக் கடனில் மூழ்கி 1791-இல் வாரிசில்லாமல் இறந்தார். 1661-இல் வந்த பாரனெட் பட்டம் அத்தோடு முடிந்தது. சொத்து அவருடைய சகோதரர் மகளுக்கும், அந்தப் பெண்ணிடமிருந்து தாய் ஒன்று, தந்தை வேறான அவரது சகோதரிக்கும் போய், 1827-இல் சர் ஹாரி கால்வெர்ட் என்ற உறவினரை அடைந்தது. அவர் வெர்னி என்று பெயரை மாற்றிக்கொண்டார். பார்த்தினோப்பின் கணவர் இவரே. இவருடைய பாரனெட் பட்டம் 1818-இல் கால்வெர்ட் குடும்பத்துக்குக் கொடுக்கப்பட்டது. 'சர் ஹாரி வெர்னி, இரண்டாம் பாரனெட்' என்ற பெயரை எங்காவது பார்த்தால் அவரை ரால்ஃபின் நேர் வாரிசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ரால்ஃபுக்குப்பின் இரண்டாம் பாரனெட் ஜான்.